பொற்காலமாம், பொற்காலம்!

"குப்தர் காலம் பொற்காலம் என அழைக்கப்படுவது ஏன்? விடை தருக."

பள்ளிக்கூடத்துப் படி மிதித்தவர் எவரும் இந்த வினாவுக்குத் தப்பியிருக்க முடியாது. நாமும் தப்பவில்லை. பேரரசு எழுந்தது, பொன் நாணயம் புழங்கியது, காளிதாசன் பாடினான், ஆரியபட்டர் வான நூல் வகுத்தார், நாளந்தா தோன்றியது என்று விரல் விட்டு எண்ணி ஒப்பித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். பெற்ற மதிப்பெண் எந்த ஆண்டுத் தாளோடோ மக்கிப்போயிற்று. ஆனால் 'பொற்காலம்' என்ற அந்தச் சொல் மட்டும் மூளையில் ஒட்டிக்கொண்டது. வெல்லத்தில் ஒட்டிய ஈயைப்போல, விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறது.

பொன் என்றால் எவருக்குத்தான் பிடிக்காது? ஒரே ஒரு கேள்விதான் நமக்கு. அந்தப் பொன் எவர் கழுத்தில் மின்னிற்று? எவர் முதுகில் ஏறி வந்தது? வினாத்தாளில் இது கேட்கப்படுவதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

தோழர்களே! எதைச் சொன்னாலும் இல்லை, இல்லை என்று மறுக்கவே பிறந்தவர்கள் நாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்களுக்காக முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம்.

கி.பி. 319-320-இல் தொடங்கிய குப்தர் ஆட்சி, ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஏறியும் இறங்கியும் நின்றது. முதலாம் சந்திரகுப்தன், அவன் மகன் சமுத்திரகுப்தன், அவன் மகன் இரண்டாம் சந்திரகுப்தன், அடுத்துக் குமாரகுப்தன், ஸ்கந்தகுப்தன் எனப் பெயர் பெற்ற மன்னர்கள் ஆண்டனர். டில்லி மெகரோலியில் இன்றும் நிற்கிறதே இரும்புத் தூண், ஏழு மீட்டருக்கும் மேல் உயரம், ஆறு டன்னுக்கும் மேல் எடை, அது அக்காலத்து வேலை. சந்திரன் என்ற மன்னனின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது; அவன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பதினாறு நூற்றாண்டு மழையும் வெயிலும் அதைத் தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து சொன்னார்: இரும்பில் பாஸ்பரசு மிகுந்திருப்பதால், மேலே மெல்லிய படலமாகப் படிந்து, அதுவே துருவைத் தடுத்துக் காவல் நிற்கிறதாம். அந்தக் கொல்லன் கைக்கு நாம் தலை வணங்குகிறோம். தூணில் மன்னன் பெயர் இருக்கிறது. அவன் வென்ற நாடு இருக்கிறது. விட்டுணுவின் கொடி என்று அந்தத் தூணுக்கே ஒரு பட்டமும் இருக்கிறது. உலை ஊதியவன் பெயர்தான் இல்லை. பட்டறைத் தோழர்கள் டில்லிக்குச் சென்றால் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். உங்கள் பாட்டன் வேலை அது.

ஆரியபட்டர் பெருமையையும் நாம் மறுப்பதற்கில்லை. 499-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில் அவர் நூல் செய்தார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள உறவை 3.1416 என்று கணித்தார். வானம் சுற்றவில்லை, பூமிதான் தன்னைத் தானே சுற்றுகிறது என்றார். கிரகணம் என்பது ராகு விழுங்குவதன்று, நிழல் விழுவது என்றார். எவ்வளவு துணிவு! சுயமரியாதைக்காரன் மேடையில் நின்று பேசுவதைப்போல அல்லவா பேசியிருக்கிறார்!

பின்பு நடந்ததென்ன? 628-இல் நூலெழுதிய பிரம்மகுப்தர், தாமே பெரிய கணித மேதை, 'பூமியா சுற்றுகிறது?' என்று ஆரியபட்டரை மறுத்தார். ராகுவைப் பழிக்கலாகாது, வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறாகப் பேசலாகாது என்று பரிந்தும் பேசினார். பதினோராம் நூற்றாண்டில் இந்நாட்டைப் பற்றி நூலெழுதிய அல்பிரூனி இதைப் படித்துவிட்டுத் திகைத்தார். இவ்வளவு தெரிந்தவர் இப்படிப் பேசுவானேன், சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்ற நெருக்கடியோ என்று ஐயப்பட்டார். ஆரியபட்டருக்கு உரை எழுதியவர்களும் பூமி சுற்றுகிறது என்ற இடத்தில் பொருளை மாற்றிப் பூசி மெழுகினார்கள். 1975-இல் முதல் செயற்கைக் கோளுக்கு ஆரியபட்டர் பெயரைச் சூட்டினோம், மகிழ்ச்சி. ஆனால் கிரகணத்தன்று அடுப்பை அணைத்துவிட்டு, கருவுற்ற பெண்ணை உள்ளே அடைத்து வைக்கும் வீடுகளில் வென்றது யார்? ஆரியபட்டரா, ராகுவா?

அறிவு பிறந்தது உண்மை. பிறந்த அறிவை வளரவிடாமல் மடியில் கட்டிக்கொண்டது எது என்று பார்க்கப் போனால், அதே பொற்காலத்தின் உள் வீட்டுக்குள் நாம் நுழைந்தாக வேண்டும்.

நுழையுமுன் வாசலில் ஒரு தூண் நிற்கிறது. அலகாபாத்துக் கல் தூண். முதலில் அதில் எழுதியவன் அசோகன். அறம் இன்னது, உயிர்களைக் கொல்லாதே, குடிகளைத் துன்புறுத்தாதே என்று பொறித்தான். அறுநூறு ஆண்டு கழித்து அதே தூணில், சமுத்திரகுப்தனின் அமைச்சன் அரிசேனன், தன் மன்னனின் போர்ப் பட்டியலை வெட்டுவித்தான். ஆரியவர்த்தத்தில் ஒன்பது மன்னரை வேரோடு பிடுங்கியது, தென்னாட்டில் பன்னிரு மன்னரைச் சிறைபிடித்து விடுவித்தது, எல்லை நாட்டார் திறை கட்டியது, மன்னன் உடம்பில் கோடரியும் அம்பும் வேலும் கீறிய தழும்புகள் என அடுக்கிக்கொண்டே போகிறான். அறம் உரைத்த கல்லுக்கே அந்த வேலை! வேறு கல்லா கிடைக்கவில்லை?

அந்தப் பட்டியலில் நமக்குத் தெரிந்த ஊர் ஒன்று இருக்கிறது. காஞ்சி. காஞ்சி விஷ்ணுகோபன் பிடிபட்டு விடுபட்டவர்களுள் ஒருவன். அதற்குத் தெற்கே சோழன் பெயர் இல்லை, பாண்டியன் பெயர் இல்லை. 'இந்தியா முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட பேரரசு' என்று மேடையில் முழங்குவோர், அரிசேனனையாவது ஒருமுறை படித்துவிட்டு முழங்கினால் நல்லது. தன் மன்னனைப் புகழவென்றே சம்பளம் வாங்கியவன் சொல்லாத வெற்றியை இவர்கள் எங்கிருந்து கொண்டுவந்தார்கள்?

அதே பட்டியலில், எவரும் நின்று படிக்காத இன்னொரு வரியும் உண்டு. காட்டு நாட்டு அரசர் எல்லாரையும் பணியாளராக்கிக் கொண்டானாம். வேரோடு பிடுங்குவதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை, திறை வாங்குவதும் இல்லை. ஏவல் செய்ய வைப்பது! வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித் சமுத்திரகுப்தனை 'இந்திய நெப்போலியன்' என்று புகழ்ந்தார். காட்டு மக்களுக்கு அவன் யாரென்று எழுதி வைக்க அவர்களிடம் தூணும் இல்லை, அரிசேனனும் இல்லை.

சரி, பொன்னுக்கு வருவோம்.

பொன் நாணயம் மெய்தான். 1946-இல் பரத்பூரை அடுத்த பயானாவில் ஒரே புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குப்தர் பொற்காசுகள் கிடைத்தன. வீணை வாசிக்கும் சமுத்திரகுப்தன், சிங்கத்தைக் கொல்லும் சந்திரகுப்தன் என அழகழகான காசுகளை அவர்கள் வார்த்ததுண்டு. ஆனால் அதே இரண்டாம் சந்திரகுப்தன் நாளில் சீனத்திலிருந்து நடந்து வந்த புத்த பிக்கு பாகியான், இந்நாட்டு மக்கள் கடைத்தெருவில் வாங்கவும் விற்கவும் எதைக் கையாண்டதாக எழுதி வைத்தார் தெரியுமா? சோழி! கடலோரத்தில் பொறுக்கும் சோழி. தினார் என்ற பொற்காசு நிலம் வாங்க, கோயிலுக்குக் கொடுக்க. சோழி, அரிசியும் உப்பும் வாங்க. அந்தப் பொன்னிலும் ஸ்கந்தகுப்தன் காலத்தில் எடை ஏறிற்று, உள்ளிருந்த தங்கத்தின் அளவு இறங்கிற்று என்கிறார்கள் காசு ஆய்வாளர்கள். கனம் கூடி மதிப்புக் குறைவது காசுக்கு மட்டும் நேர்வதன்று. சில மேடைப் பேச்சுகளுக்கும் நேர்கிறது!

பாகியானை நாம் இன்னும் கொஞ்சம் கேட்போம். அவர் நமக்கு வேண்டியவரும் அல்லர், வேண்டாதவரும் அல்லர். புத்த நூல்களைத் தேடி 399-இல் புறப்பட்டு, பாலைவனமும் பனிமலையும் கடந்து வந்தவர். நாட்டைப் பாராட்டவும் செய்கிறார். ஊர் விட்டு ஊர் போகத் தடையில்லை, கொடுந்தண்டனை இல்லை, பெரும்பாலும் தண்டத்தொகையோடு விடுகிறார்கள், பாடலிபுத்திரத்தில் செல்வர்கள் ஏழைகளுக்கு மருத்துவ சாலை வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறார். பாடநூல்கள் இந்தப் பக்கங்களைத்தான் பெரிதாக எடுத்துக் காட்டின.

அதே பக்கத்தில் அதே மனிதர் எழுதுகிறார்: சண்டாளர் என்போர் ஊருக்குப் புறத்தே தனியே வாழ்கிறார்கள். நகர வாயிலிலோ கடைத்தெருவிலோ அவர்கள் நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டி ஒலி எழுப்ப வேண்டும். அந்த ஒலி கேட்டதும் மற்றவர் விலகிப் போவார்கள். மேலே பட்டுவிடக் கூடாதல்லவா! மீன் பிடிப்பதும், வேட்டையாடுவதும், இறைச்சி விற்பதும் அவர்கள் மட்டுமே.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. மூட்டை தூக்கும் தோழனே, சாக்கடை அள்ளியவர் வயிற்றில் பிறந்த தோழனே, நீ எண்ணிப் பார். பாடலிபுத்திரத்துக் கடைத்தெரு. பட்டும் பவழமும் குவிந்திருக்கின்றன. அரண்மனையில் காவியம் அரங்கேறுகிறது. பண்டிதர்கள் பூமி சுற்றுகிறதா வானம் சுற்றுகிறதா என்று வாதிடுகிறார்கள். அதற்கிடையே 'டக், டக்' என்று ஒரு சத்தம். மாட்டுக் கழுத்தில் மணி கட்டுவது மாடு தொலையாமல் இருப்பதற்காக. மனிதன் கையில் கட்டை கொடுத்தது, அவன் எதிரில் வராமல் இருப்பதற்காக! காளிதாசன் காதிலும் அந்தச் சத்தம் விழுந்திருக்கும். எந்தக் காவியத்தில் அது கேட்கிறது?

ஏதோ அறியாத பாமரர் செய்த கொடுமை இது, அரசுக்கும் சட்டத்துக்கும் இதில் சம்பந்தமில்லை என்று வக்காலத்து வாங்க ஓடி வருவார்கள். வரட்டும். சட்டநூலைப் பிரித்துக் காட்டுவோம்.

குப்தர் காலத்தை ஒட்டியது என ஆய்வாளர் கணிக்கும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, வட்டி பற்றிப் பேசுகிறது. வட்டி நம்மவர்க்கு நன்கு தெரிந்த சங்கதி. மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்பது. ஈடு வைத்தால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றே கால். ஈடு இல்லையென்றால்? வருண வரிசைப்படி இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு காசு கடன் வாங்கினால், ஓராண்டில் பிராமணன் கட்ட வேண்டிய வட்டி 24 காசு. சூத்திரன் கட்ட வேண்டியது 60 காசு! இருப்பவனுக்குக் குறைந்த வட்டி, இல்லாதவனுக்கு நிறைந்த வட்டி. இதைத் தர்மசாஸ்திரம் என்று அழைத்தார்கள். கந்துவட்டிக்காரனுக்கு இப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்ளத் தோன்றாமல் போயிற்று.

வழக்கு மன்றத்துக்குப் போனாலோ அங்கும் தராசு சாய்ந்துதான் நின்றது. நாரதர் பெயரால் வழங்கும் நூல், குற்றம் செய்தானா இல்லையா என்று சோதிக்கும் முறையைச் சொல்கிறது. பிராமணனைத் தராசில் உட்கார வைத்து நிறுத்துப் பார். சூத்திரனுக்கு நஞ்சு கொடுத்துப் பார். ஒருவன் எடை பார்த்துக்கொண்டு வீடு திரும்புவான், மற்றவன்? உயிரோடிருந்தால் குற்றமற்றவன்! ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் வீடு கட்டக்கூட வருணக் கணக்கு வைத்தார்: பிராமணன் வீட்டுக்கு ஐந்து அறை, சூத்திரன் வீட்டுக்கு இரண்டு. நடுவில் உள்ளவர்க்கு நடுவில். செங்கல் சூளையில் வேகும்போது அதற்கு வருணம் தெரியுமா, என்ன?

இதில் வேடிக்கை ஒன்று. இத்தனை வருணக் கணக்கையும் காத்து நின்ற குப்த மன்னர்கள் எந்த வருணத்தார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. வைசியர் என்பார் உண்டு, வேறு சொல்வாரும் உண்டு. வாளிருந்தால் வருணம் கேட்பாரில்லை. அசுவமேதமும், பசு தானமும் முடித்தவனைப் பரம பாகவதன் என்று வாழ்த்தவும் ஆளிருந்தது.

வாழ்த்துக்குக் கூலி என்ன? அதற்குச் செப்பேடு சான்று சொல்கிறது. இரண்டாம் சந்திரகுப்தனின் மகள் பிரபாவதிகுப்தையை வாகாடக நாட்டில் கொடுத்தார்கள். கணவன் இறந்தபின் சிறுவர்களாக இருந்த மக்களுக்காக அவளே ஆட்சி நடத்தினாள். ஆளத் தெரிந்த பெண், அதை மறுப்பதற்கில்லை. அவள் மகன் இரண்டாம் பிரவரசேனன், இன்றைய மகாராட்டிரத்து அமராவதி வட்டாரத்தில் சர்மாங்கம் என்ற ஊரை ஆயிரம் பிராமணர்க்குத் தானம் செய்தான். சம்மக் செப்பேடு என்று இதைச் சொல்வார்கள். ஊருக்குள் படைவீரர் நுழையக் கூடாது, வரி கேட்கக் கூடாது, உப்பும் புதையலும் அவர்களுக்கே, வெட்டி வேலை கேட்கவும் கூடாது; சூரிய சந்திரர் உள்ளவரை!

அதன் பின்னால் வரும் நிபந்தனைகளைத்தான் நாம் வியப்போடு படித்தோம். தானம் பெற்றவர்கள் அரசுக்கு எதிராகத் துரோகம் செய்யக் கூடாது. கொலை, களவு, பிறன்மனை நாடுதல் கூடாது. அரசனுக்கு நஞ்சிடக் கூடாது. போர் தொடுக்கக் கூடாது. பக்கத்து ஊர்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது. மீறினால் நிலத்தைப் பறித்துக்கொள்வதில் அரசனுக்குப் பழி இல்லை. தானம் கொடுக்கிற கையே இவ்வளவு நடுங்குகிறதென்றால், வாங்குகிறவர் செல்வாக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! பிறப்பால் ஒருவரை இகழ்வதும் நம் கொள்கையன்று, பிறப்பால் ஒருவரை உயர்த்துவதும் நம் கொள்கையன்று. நாம் பேசுவது அந்த ஏற்பாட்டைப் பற்றி. அந்தப் பட்டயத்தில் இரண்டு தரப்பார் பேசுகிறார்கள், கொடுத்தவனும் பெற்றவரும். அந்த ஊரில் அதுவரை உழுதுகொண்டிருந்தவன் என்ன ஆனான்? ஆடுமாடுகளைக் குறித்துக்கூட ஒரு சொல் இருக்கிறது. அவனைப் பற்றி இருப்பது 'வெட்டி' என்ற அந்த ஒரு சொல்தான்.

வெட்டி! வடமொழிப் பட்டயங்கள் விஷ்டி என்னும். கூலியில்லாத கட்டாய உழைப்பு. கத்தியவாரில் கிர்நார் மலையடியில் ஒரு பாறை. அசோகன் எழுத்தும் அதில் உண்டு. 150-ஆம் ஆண்டு சக மன்னன் ருத்ரதாமனின் எழுத்தும் உண்டு. ஸ்கந்தகுப்தன் காலத்து எழுத்தும் உண்டு. மூன்று அரசுகள், ஒரே பாறை. சுதர்சன ஏரி உடைந்தபோது, குடிகளை வரியாலும் வெட்டியாலும் வருத்தாமல் தன் கருவூலத்துப் பணத்தாலேயே கரை கட்டியதாக ருத்ரதாமன் பெருமை பேசுகிறான். வெட்டி வாங்காததே கல்லில் வெட்டிப் புகழத்தக்க செய்தி என்றால், மற்ற நாளில் வழக்கம் எதுவாக இருந்திருக்கும்? 455-456-இல் மறுபடி ஏரி உடைந்தது. ஸ்கந்தகுப்தனின் அதிகாரி சக்கரபாலிதன் இரண்டே மாதத்தில் கரை எழுப்பினான் என்று கல்வெட்டு பாராட்டுகிறது. நல்ல வேலை, மறுக்கவில்லை. இரண்டு மாதம் மண் சுமந்தவன் கூலி பெற்றானா, சோறு பெற்றானா என்று தெரிந்துகொள்ள நமக்கு ஆசை.

பெண்களும் தப்பவில்லை. வாத்ஸ்யாயனர் நூலைக் காதல் நூலென்று நினைப்பவர் பலர். அதில் ஊர்த்தலைவன் உழவர் வீட்டுப் பெண்களிடம் கூலியின்றி வாங்கும் வேலைகளின் பட்டியல் இருக்கிறது: களஞ்சியம் நிரப்புவது, பொருளைச் சுமந்து போவது, வருவது, வீட்டைத் துப்புரவு செய்வது, வயலில் உழைப்பது, பஞ்சும் கம்பளியும் வாங்கி நூல் நூற்பது. அந்த வேலைக்கு வரும்போது அவர்கள் தலைவனின் கைக்கு எளிதில் அகப்படுவார்கள் என்பதற்காகவே அந்நூல் இதைச் சொல்கிறது! வேலையும் போயிற்று, மானமும் போயிற்று. 510-இல் மத்தியப் பிரதேசத்து ஏரணில் எழுந்த ஒரு கல், போரில் இறந்த கோபராஜன் என்ற தலைவனைப் புகழ்கிறது. அவன் மனைவி நெருப்பில் உடன் புகுந்தாள் என்கிறது. உடன்கட்டைக்கு ஆண்டு குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளுள் அது ஒன்று. அன்பானவள், அழகானவள் என்று அடைமொழி உண்டு. வெந்து போனவளின் பெயர் இல்லை.

இலக்கியத்தைத் தொடாமல் போகிறீர்களே என்று கேட்கக் கூடும். தொடுவோம். குப்தர் காலத்தவன் என்று பலராலும் கொள்ளப்படும் காளிதாசனின் சாகுந்தலம் உலகம் போற்றும் நாடகம். அழகுக்கு நாமும் மயங்குகிறவர்கள்தான். ஆனால் அதில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று பாருங்கள். அரசனும் முனிவரும் பேசுவது சமஸ்கிருதம். சகுந்தலை, அவள்தான் நாடகத்துக்கே உயிர், பேசுவது பிராகிருதம். காவலர், மீனவர், ஏவலாளர் எல்லாருக்கும் பிராகிருதம்தான். விதூஷகன் பிராமணனே ஆனாலும் சிரிக்க வைக்க வந்தவன் என்பதால் அவனுக்கும் அதே. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இரண்டு மொழி!

அந்த நாடகத்தின் ஆறாம் அங்கத்தில் ஒரு மீனவன் வருகிறான். அரசன் தந்து, சகுந்தலை தொலைத்த மோதிரம், அவன் அறுத்த மீனின் வயிற்றில் கிடைக்கிறது. கடைத்தெருவில் விற்கப் போனவனைக் காவலர் கட்டி அடித்து இழுத்து வருகிறார்கள். 'உன்னிடம் ஏது அரச மோதிரம்? திருடன்!' அவன் பிழைப்பைக் கேட்டு ஏளனம் வேறு. பிறவித் தொழில் இழிந்ததென்றாலும் விடத்தக்கதன்று என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறான் கவி. பிறகு உண்மை தெரிகிறது. அரசன் பரிசுப் பணம் கொடுத்தனுப்புகிறான். அடி வாங்கிய மீனவன் என்ன செய்கிறான்? அடித்த காவலருக்கே பரிசில் பாதியைக் கொடுக்கிறான்! உடனே காவல் தலைவனுக்கு அவன் அருமை நண்பனாகிவிடுகிறான். எல்லாரும் கள்ளுக்கடைக்குக் கிளம்புகிறார்கள். அவையோர் சிரித்திருப்பார்கள். நாமும் முதலில் படித்தபோது சிரித்தோம். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. அவன் மோதிரத்தைக் கண்டெடுக்காமல் போயிருந்தால் அரசனுக்கு நினைவு வந்திருக்காது, சகுந்தலைக்கு வாழ்வு இல்லை, நாடகமே இல்லை. அவனுக்குக் கிடைத்தது அடியும், பாதிப் பரிசும்.

பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று கேட்போர் உண்டு. கிளறியவர் நாமல்லர். 2025-இல் ஒன்றிய அரசின் என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புக்குப் புதிய சமூக அறிவியல் நூல் வெளியிட்டது. டில்லி சுல்தான்களும் மொகலாயரும் அந்த வகுப்புப் பாடத்திலிருந்து விடைபெற்றனர். குப்தர் காலத்துக்கு, ஓயாத படைப்பாற்றலின் காலம் என்று தலைப்பு. படைப்பாற்றல் ஓயவில்லை, ஒத்துக்கொள்கிறோம். கட்டைச் சத்தம் ஓய்ந்ததா? ஆர். எஸ். சர்மா 1958-இலேயே பண்டை இந்தியாவின் சூத்திரர்களைப் பற்றி நூலெழுதினார். ரொமிலா தாப்பரும் டி. என். ஜாவும் பொற்காலம் என்ற பொன்முலாமை உரசிக் காட்டினார்கள். பட்டயத்தையும் கல்லையும் வைத்து அவர்கள் பேசியதற்குப் பதில் பட்டயமும் கல்லுமாக அல்லவா வர வேண்டும்? வசைதான் வந்தது.

பாகியான் கேட்ட அந்தச் சத்தம் பாடலிபுத்திரத்தோடு நின்றிருந்தால் நாமும் விட்டிருப்போம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கடந்து 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்க உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. பெரியார் அங்கே இரண்டு முறை சிறை புகுந்தார். 1927 டிசம்பர் 25-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் மனு நூலுக்குத் தீ மூட்டினார். அவர் தலைமையில் வரைவு கண்டு, 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23-ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்தது. கட்டைக்கு ஒரு பிரிவு, விஷ்டிக்கு ஒரு பிரிவு! அதன் பிறகும் கொத்தடிமை ஒழிப்புக்கு 1976-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. மலம் அள்ளும் கொடுமைக்கு 1993-இல் ஒன்று, போதாமல் 2013-இல் இன்னொன்று. பழைய பெருமைக்குத் திரும்புவோம் என்று அழைக்கிறவர்களிடம், திரும்பினால் எங்களுக்கு எந்த வாசல், கையில் கட்டை உண்டா இல்லையா என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நெசவாளத் தோழர்களுக்கு ஒரு செய்தி மிச்சம் வைத்திருக்கிறோம். குமாரகுப்தன் காலத்தில், லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய குசராத்துப் பகுதியிலிருந்து, பட்டு நெசவாளர் கூட்டமொன்று மாளவத்துத் தசபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய மந்தசோர் அது. வந்தவர்களில் சிலர் வில் பிடித்தார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் கதை சொல்லப் போனார்கள். மற்றவர் தறியை விடவில்லை. பிறவித் தொழிலை விடலாகாது என்று ஸ்மிருதி சொன்னதை அந்த நெசவாளர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 436-இல் அந்தச் சங்கம் தன் கைத்தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு ஒரு சூரியன் கோயில் கட்டிற்று. கோயிலின் ஒரு பகுதி பழுதுபட்டபோது, 473-இல் அதே சங்கம் அதைச் செப்பனிட்டது. வத்ஸபட்டி என்ற கவிஞனைக் கொண்டு அந்த வரலாற்றைக் கல்லிலும் எழுதுவித்தது. இளமையும் அழகும் இருந்தாலும் பட்டுடுத்தாமல் ஒரு பெண் காதலனைக் காணப் போகமாட்டாள் என்று இடையே தங்கள் சரக்குக்கு விளம்பரமும் செய்துகொண்டார்கள்! அரசன் கருவூலத்திலிருந்து இரண்டு முறையும் ஒரு காசு வந்ததாக அந்தக் கல் சொல்லவில்லை.